யார், யாரை, யாருக்கு? ஜெர்மன் கேள்விச் சொற்களுக்குத் தமிழே போதும்!

ஜெர்மனியில் நர்ஸ் வேலைக்காகவோ, அங்கே வேலை பார்க்கும் கணவரோடு போய்ச் சேரவோ ஜெர்மன் படிக்கிறீங்களா? கதே இன்ஸ்டிட்யூட் நடத்தும் ஏ1 தேர்வின் பேச்சுப் பகுதியில், ஒரு தலைப்பும் ஒரு சொல்லும் எழுதிய அட்டை தருவார்கள். அதை வைத்து நீங்களே ஒரு கேள்வி கேட்கணும். கேள்விச் சொல் தப்பினால் கேள்வியே மாறிடும்.

இங்கிலீஷ் வழியாகப் படிப்பவர்கள் முதலில் தடுமாறுவது ‘வேர்’ என்ற சொல்லில். ஜெர்மனில் அதற்கு ‘எங்கே’ என்று பொருள் இல்லை, ‘யார்’ என்று பொருள். ‘எங்கே’ என்பதற்கு ‘வோ’.

அடுத்த சிக்கல், ‘யார்’ என்ற சொல் வேற்றுமைக்கு ஏற்ப மாறுவது. நமக்கு இது பழகிய விஷயம்தான். தேவனாம்பட்டினம் கடற்கரையில் நாம் கேட்கும் கேள்விகளையே எடுத்துக்கோங்க:

* வேர் (யார்): வேர் கொம்ட்? - யார் வர்றாங்க?
* வேன் (யாரை): வேன் ஸூஹன் ஸீ? - யாரைத் தேடுறீங்க?
* வேம் (யாருக்கு): வேம் ஹெல்ஃபன் ஸீ? - யாருக்கு உதவி பண்றீங்க?
* வெஸன் (யாருடைய): வெஸன் போட் இஸ்ட் டஸ்? - இது யாரோட படகு?

‘எவ்வளவு’, ‘எத்தனை’ என்ற வித்தியாசமும் அங்கே உண்டு. எவ்வளவு தண்ணீர் என்றால் ‘வீ ஃபீல்’, எத்தனை மீன் என்றால் ‘வீ ஃபீலே’.

ஆனால், தமிழை நம்பிப் போனால் சறுக்கும் இடங்களும் மூன்று இருக்கு.

1. ‘எங்க இருக்கீங்க?’, ‘எங்க போறீங்க?’ இரண்டுக்கும் நமக்கு ஒரே ‘எங்க’தான். ஜெர்மனில் இருக்கும் இடத்துக்கு ‘வோ’, போகும் இடத்துக்கு ‘வோஹின்’. எங்கிருந்து என்றால் ‘வோஹேர்’.

2. நாம் ‘யாருக்கு’ போன் பண்றோம். ஜெர்மானியர்கள் ‘யாரை’ போனில் கூப்பிடுகிறார்கள். அதனால் ‘வேம்’ வராது, ‘வேன் ரூஃபன் ஸீ ஆன்?’ என்றே கேட்கணும்.

3. தமிழில் வினைச்சொல் கடைசியில் வரும். ஜெர்மனில் கேள்விச் சொல் முதலில், வினைச்சொல் உடனே இரண்டாவதாக. ‘வோஹின் கேயன் ஸீ?’ - எங்கே போறீங்க?

தேர்வு முடிந்தாலும் இது தீராது. வார்டில் நோயாளியிடம் ‘வோ டூட் எஸ் வே?’ (எங்கே வலிக்குது?) என்று கேட்டால் இடத்தைக் காட்டுவார். ‘ஸைட் வன்?’ (எப்போதிலிருந்து?) என்றால் நேரத்தைச் சொல்வார். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைக் கேட்டால் நமக்குத் தேவையான தகவல் கிடைக்காது.

இனி ஒரு வினைச்சொல்லைத் தனியாக எழுதி வைக்காதீங்க. ‘ஹெல்ஃபன் - வேம்’, ‘ஸூஹன் - வேன்’ என ஜோடியாக எழுதுங்க. கேள்வி எந்த வேற்றுமையோ, பதிலும் அதே வேற்றுமைதான். கேள்வியைச் சரியாகப் பழகினால் பாதி பதிலும் கையில் வந்துடும்.