வீட்டு சர்வரில் கன்டெய்னர்: தொடங்குமுன் அறிய வேண்டியவை

சரக்குப் பெட்டகத்தின் அருமையை நம் வணிகப் பெருமக்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1956-இல் மால்கம் மெக்லீன் என்பவர் 58 பெட்டகங்களை 'ஐடியல் எக்ஸ்' கப்பலில் ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். உள்ளே எந்தச் சரக்கானாலும் பெட்டி ஒன்றே என்பதால் ஏற்றி இறக்கும் செலவு வெகுவாகக் குறைந்தது. கணினித் துறையும் இதே வழியைப் பின்பற்றுகிறது. ஒரு மென்பொருளும் அதற்குத் தேவையான துணைப் பொருள்களும் ஒரே கட்டாக இயங்குவதே கணினிக் கன்டெய்னர். 2013-இல் வெளிவந்த 'டாக்கர்' இம்முறையை எங்கும் பரவச் செய்தது.

தொடங்குவதற்கு 8 ஜி.பி. ரேம் உள்ள பழைய கணினி ஒன்று போதும். அதில் டெபியன் லினக்ஸ், டாக்கர் என்ஜின் இரண்டையும் நிறுவ வேண்டும். இரண்டும் இலவசமே. பில் நகல்களையும் விலைப்பட்டியல்களையும் நம் இடத்திலேயே வைத்துக்கொள்ள 'நெக்ஸ்ட்கிளவுட்' உதவும். எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, தரவு எங்கே என்பவற்றைக் 'கம்போஸ்' என்னும் கோப்பில் எழுதிவிட்டால், ஒரே கட்டளையில் எல்லாம் இயங்கத் தொடங்கும். கணினி பழுதானாலும் அதே கோப்பைக் கொண்டு வேறு கணினியில் மீண்டும் அமைக்கலாம்.

ஆனால் தரவு அப்படித் தானாக வராது. கன்டெய்னரை நீக்கினால் அதனுள் எழுதியதும் அதனுடன் போய்விடும். எனவே தரவை வெளியே, 'வால்யூம்' எனும் தனி இடத்தில் வைக்க வேண்டும். வாடகைக் கடை மாறலாம். பேரேடு நம் கையோடு வரவேண்டும் அல்லவா? 'கம்போஸ் டவுன்' கட்டளையுடன் '-வி' சேர்த்தால் வால்யூமும் அழியும் என்பதை மறவாதீர்கள்.

ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டறிக்கை தாக்கல் செய்யவேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பாதுகாப்பது நம் கடமை. ஆகவே கீழ்க்கண்டவற்றைக் கவனத்தில் கொள்க.

1. நாள்தோறும் தரவை நகல் எடுத்து, ஒரு பிரதியை வேறு கட்டடத்தில் வைக்கவும். டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது கோப்புகளை அப்படியே நகலெடுத்தால் அவை பயன்படாமல் போகலாம். அதற்குரிய 'டம்ப்' முறையில் எடுக்கவும்.

2. 'லேட்டஸ்ட்' என்று எழுதாமல் பதிப்பு எண்ணைக் குறிப்பிடவும். உதாரணமாக, போஸ்ட்கிரஸ் 15 வைத்திருந்த தரவை 16 நேரடியாகத் திறக்காது.

3. டாக்கர் திறக்கும் போர்ட்டை லினக்ஸின் 'யு.எஃப்.டபிள்யூ.' தடுப்பு பொதுவாகத் தடுப்பதில்லை. ரௌட்டரிலும் அந்தப் போர்ட்டைத் திறந்துவிடுவது கல்லாப்பெட்டியைத் தெருவில் வைப்பதற்குச் சமம். வெளியூரிலிருந்து பார்க்க 'வயர்கார்ட்' வழியைப் பயன்படுத்தவும்.

4. மின்தடைக்கு யு.பி.எஸ். அவசியம்.

முதலில் ஒரே ஒரு சேவையை, இழந்தாலும் பாதகமில்லாத கோப்புகளுடன் தொடங்குங்கள். ஒரு மாதம் கழித்து, எடுத்து வைத்த நகலை வேறொரு கணினியில் போட்டு, பில்கள் திறக்கின்றனவா என்று பாருங்கள். திறந்தால் மட்டுமே கடைக் கணக்கை அதில் ஏற்றலாம். அதுவரை பழைய முறையைக் கைவிட வேண்டாம் என்பதே நமது வேண்டுகோள்.