அறுத்தாலும் தழைக்கும் நீராரை

சம்பா நடவு முடிந்து மூன்று வாரம் ஆன வயலில் இறங்கிப் பாருங்கள். பயிர்களுக்கிடையே, நான்கு சிற்றிலைகள் கூட்டல் குறிபோல் விரிந்து நிற்கும் ஒரு களையைக் காணலாம். நீர் ஆழமாக இருந்தால் இலை மிதக்கும். வற்றினால் நிமிர்ந்து நிற்கும். இதுவே நீராரை. கீரையாகப் பறிப்பவர்கள் ஆரைக்கீரை என்பர். மூன்று இலையும் மஞ்சள் பூவும் உடைய புளியாரை வேறு செடி. அதை இதனுடன் சேர்த்து எண்ண வேண்டாம்.

காஞ்சிபுரம் வட்டாரத்தின் ஏரிப்பாசன நிலங்களில், குறிப்பாக ஏரிக்கரையை ஒட்டிக் கசிவுநீர் ஊறும் கழனிகளில், இக்களையின் தொல்லை மிகுதி. சில ஆண்டுகளுக்கு முன் மாணவர்களைக் களப்பயிற்சிக்காகத் தென்னேரி ஏரியின் கீழுள்ள வயல்களுக்கு அழைத்துச் சென்றிருந்தேன். அங்கு ஒரு விவசாயி ஒரே பருவத்தில் மூன்று முறை ஆள்வைத்துக் களை எடுத்திருந்தார். அப்படியும் வயல் பச்சைப் பாய் விரித்தாற்போல் இருந்தது. "எடுக்க எடுக்க அதிகமாகுதுங்க சார். நெல்லுக்குப் போட்ட உரத்தையெல்லாம் இதுதான் தின்னுது" என்றார். அவர் சொன்னதில் மிகை இல்லை. எடுத்ததனால்தான் அதிகமாயிற்று. அது எப்படி என்பதை அறிய, இந்தச் செடி எந்த இனத்தைச் சேர்ந்தது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

பூக்காத செடி

நீராரை புல்லும் அன்று, கோரையும் அன்று. இது பூப்பதே இல்லை. மலைச்சாரல்களில் காணப்படும் பெரணி வகையைச் சேர்ந்தது. இளங்கொழுந்தைக் கிள்ளிப் பாருங்கள். நாய்வால்போல் உள்நோக்கிச் சுருண்டிருக்கும். பெரணிக்கு அதுவே அடையாளம். நெல் வயலுக்குத் தழைச்சத்து தரும் அசோலாவும் நீர்ப்பெரணிதான். ஒரே குடும்பத்தில் ஒருவர் உதவுகிறார், மற்றொருவர் உபத்திரவம் செய்கிறார்.

இவற்றுக்கு இன்னோர் உறவும் உண்டு. ஆங்கிலத்தில் ஹார்ஸ்டெயில், அதாவது குதிரைவால் என்று பெயர். (நாம் பயிரிடும் குதிரைவாலித் தானியத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.) இலை என்று சொல்லத்தக்க இலை இல்லாமல், கணுக்கணுவாக மூங்கில் குச்சிபோல் ஈரநிலத்தில் நிற்கும். நம் மாநிலத்தில் நீலகிரி, பழனி மலைகளின் ஓடைக்கரைகளில் இதைக் காணலாம். தண்டில் மணற்சத்தான சிலிக்கா நிறைந்திருப்பதால் ஐரோப்பாவில் ஒரு காலத்தில் இதைக்கொண்டே பாத்திரம் தேய்த்தனர். அங்கு வடிகால் இல்லாத வயல்களில் இது பெருங்களை. அதன் தரைகீழ்த் தண்டு ஆளுயரத்துக்கும் மேலாக மண்ணுக்குள் இறங்கிவிடும். உழுதால் துண்டாகும், ஒவ்வொரு துண்டும் தனிச்செடியாகும். குதிரைவாலை உழுதே ஒழிக்க முயன்ற குடியானவர், அதை வயல் முழுதும் நட்டுவிட்டவர் ஆவார்.

நம் நீராரையின் கதையும் இதுதான். சேற்றின் மேற்பரப்பிலும் சற்றுக் கீழும் நூல்போல் ஒரு தண்டு ஓடுகிறது. கணுதோறும் மேலே இலை, கீழே வேர். கணுவுள்ள சிறு துண்டு ஈரச்சேற்றில் கிடந்தால் போதும், தழைத்துவிடும். களை எடுப்பவர் இலையைப் பிடித்து இழுக்கிறார். காம்பு அறுந்து கையோடு வருகிறது. தண்டு சேற்றிலேயே தங்குகிறது. கோனோவீடர் உருட்டினால் தண்டு துண்டுபட்டு நான்கு பக்கமும் பரவுகிறது. தென்னேரி விவசாயி பறித்த களையை வரப்பின்மேல் குவித்திருந்தார். இரண்டு நாள் மழையில் அது மறுபடி வயலுக்குள் இறங்கிவிட்டது.

தண்டு போதாதென்று இன்னொரு வழியும் வைத்திருக்கிறது. நீர் வற்றி மண் காயத் தொடங்கும்போது இலைக்காம்பின் அடியில் மிளகளவில் கெட்டியான காய்கள் தோன்றும். இவை விதைகள் அல்ல. உள்ளே சிதல்கள் என்னும் நுண்துகள்கள் இருக்கும். கல்போன்ற அந்த ஓடு பல பத்தாண்டுகள் வறட்சியைத் தாங்கும். ஓடு கீறி நீர் புகுந்துவிட்டால் சிறிது நேரத்திலேயே வழுவழுப்பான வளையம் ஒன்று வெளிப்பட்டு, சிதல்கள் முளைக்கத் தொடங்கும். ஆதலால் அறுவடைக்குப் பின் வயலைச் சும்மா போட்டு, "வெயிலில் காய்ந்து சாகட்டும்" என்றிருப்பது தவறு. அந்த நாட்களில்தான் அது காய் பிடிக்கிறது.

செய்ய வேண்டியவை

முதல் வேலை உழவு. ஆனால் சேற்றுழவு அல்ல. அறுவடை முடிந்ததும், காய்கள் முற்றுவதற்கு முன், மண் பொலபொலக்கும் பதத்தில் உழுது, தண்டுகள் மேலே வெயிலில் கிடக்குமாறு இரண்டு மூன்று வாரம் விடுங்கள். பிறகு குறுக்கே ஓர் உழவு. மேலே வந்த கொடிகளைப் பலகை ஓட்டிச் சேர்த்து வெளியே எடுத்துவிடுங்கள். நவரைக்கும் சொர்ணவாரிக்கும் இடையே இடைவெளி விடாமல் தொடர்ந்து நெல்லே வைப்பவர்கள், ஏதேனும் ஓர் ஆண்டு சொர்ணவாரியை விட்டு உளுந்தோ எள்ளோ போடலாம். நீராரைக்கு ஈரம்தான் உயிர். ஒரு பருவம் ஈரம் தவறினால் பெரும்பகுதி மட்டுப்படும். அடியோடு அழிந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன்.

கசிவுநீர் நிலங்களில் இது மட்டும் போதாது. வயலின் மேல்தலையில், அதாவது ஏரிப்பக்கம், ஓர் அடி அகலம் ஓர் அடி ஆழத்தில் வடிகால் வெட்டிக் கசிவை வாய்க்காலுக்குத் திருப்புங்கள். உங்கள் பட்டா நிலத்துக்குள் மட்டும் வெட்டுங்கள். ஏரிக்கரையின் அடியை ஓர் அங்குலம்கூடத் தோண்டக் கூடாது. மழைக்காலத்தில் கரைக்கே ஆபத்து.

களைக்கொல்லியைப் பற்றிச் சொல்ல வேண்டும். புல்வகைகளைக் கொல்லும் பூட்டாக்குளோரை மட்டும் ஆண்டுதோறும் இட்டு வரும் வயல்களில் குதிரைவாலிப் புல் குறைந்து, அந்த இடத்தை நீராரை பிடித்துக்கொள்கிறது. மருந்து பலிக்கவில்லை என்று கடைக்காரரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. அது புல்லுக்கான மருந்து. அதற்குப் பதிலாக, பென்சல்ஃப்யூரான் மீத்தைலும் பிரெட்டிலாக்குளோரும் சேர்ந்த குருணையை ஏக்கருக்கு 4 கிலோ வீதம் 20 கிலோ காய்ந்த மணலுடன் கலந்து, நட்ட 3ஆம் நாள் தூவலாம். வயலில் மெல்லிய அளவு நீர் நிற்க வேண்டும். இரண்டு மூன்று நாள் நீரை வடிக்கவும் கூடாது, புதுநீர் பாய்ச்சவும் கூடாது.

அந்த வாய்ப்பைத் தவறவிட்டவர்கள், நட்ட மூன்றாம் வாரத்தில் 2,4-டி சோடியம் உப்பு (80 சதம்) ஏக்கருக்கு 500 கிராம் எடுத்து 250 லிட்டர் நீரில் கரைத்துக் கைத்தெளிப்பானால் தெளிக்கலாம். முதலில் வயல்நீரை வடித்து இலைகள் மேலே தெரியும்படி செய்ய வேண்டும். நீருக்குள் மூழ்கிய இலையில் மருந்து படாது. பயிர் கதிர்க்கருவுக்கு வந்தபின் தெளிக்காதீர்கள். பக்கத்து நிலத்தில் பருத்தி, கத்தரி, தக்காளி, வெண்டை இருந்தால் இம்மருந்தை நாட வேண்டாம். காற்றில் போகும் சிறு துளியே அவற்றின் இலைகளைச் சுருட்டிவிடும். தெளித்த கருவியைக் காய்கறிக்குப் பயன்படுத்துவதும் கூடாது. எந்த மருந்து இட்டாலும் 30 முதல் 35ஆம் நாளில் ஒரு கைக்களை தேவை. அப்போது இலையை இழுக்காமல் விரல்களைச் சேற்றில் விட்டுக் கொடியோடு உருவச் சொல்லுங்கள். வேலை மெதுவாகும், கூலி கூடும். ஆனால் ஒரு முறை உருவுவது மூன்று முறை இழுப்பதற்கு மேல்.

கீரையும் தீனியும்

ஆரைக்கீரையைச் சமைத்து உண்பது நம் வழக்கம். சித்த மருத்துவர்கள் நீரிழிவுக்கும் மிகு தாகத்துக்கும் இதைச் சொல்வர். கீரையாகப் பறிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: களைக்கொல்லி இட்ட வயலிலோ, அதன் நீர் வடியும் வாய்க்காலிலோ அந்தப் பருவம் முழுதும் பறிக்கக் கூடாது. கீரை பறிக்க வருகிற பெண்களுக்கு மருந்தடித்த செய்தி தெரியாது. வரப்பில் ஒரு குச்சி நட்டுத் துணி கட்டி, வாயாலும் சொல்லிவிடுங்கள்.

பறித்த களையைக் கட்டுக்கட்டாக மாட்டுக்குப் போடவும் வேண்டாம். ஆஸ்திரேலியாவில் வளரும் நார்டூ என்னும் ஆரையை மிகுதியாக மேய்ந்த செம்மறி ஆடுகள் நரம்புக் கோளாறால் மடிந்திருக்கின்றன. 1861இல் அந்நாட்டின் உட்பகுதியை ஆராயச் சென்ற பர்க், வில்ஸ் என்போர் நார்டூக் காய்களின் மாவைத் தின்றே நாள் கடத்தி, வயிறு நிறைய உண்டும் மெலிந்து இறந்தனர். ஆரையில் உள்ள ஒரு நொதி வைட்டமின் பி1 சத்தைச் சிதைப்பதே காரணமாக இருக்கலாம் என்று பின்னாளில் ஆராய்ந்தவர்கள் கருதினர். அம்மண்ணின் பழங்குடிகள் அதே காயைத் தம் முறைப்படி பக்குவம் செய்து உண்டு நலமாக வாழ்ந்தனர். குதிரைவாலிலும் இதே நொதி உண்டு. வைக்கோலில் அது கலந்தால் குதிரைகள் தள்ளாடி விழும்.

பறித்த கொடியில் காய் இல்லையென்றால் எருக்குழியில் இட்டுச் சாணம் போட்டு மூடலாம். காய் பிடித்த கொடி எருக்குழிக்கு ஆகாது. மக்கிய எருவோடு அந்தக் காய்களும் வயலுக்கே திரும்பிவிடும். மேட்டு நிலத்தில் உலர்த்திக் கொளுத்துங்கள்.

இன்னொன்று, தனி ஒருவரால் முடியாதது. மேல்மடைக்காரர் சேறடிக்கும்போது மிதந்து போகும் துண்டுகள் கீழ்மடைக்காரர் வயலில் வேர் பிடிக்கின்றன. வாய்மடையில் பழைய வலைத்துண்டையோ விளாறுப் படலையோ வைத்தால் அவை தேங்கும். காலையில் ஒரு முறை வாரிவிடலாம். ஏரி மதகு திறப்பதற்கு முன் வாய்க்கால் தூர்வாரும் நாளிலேயே, எந்தெந்த மடையில் யார் படல் வைப்பது என்று பாசனக்காரர்கள் எல்லோரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.