நுண்செயலியின் ஆயுள்

கணினி திடீரென நின்றுவிட்டால், “அதன் மூளையே போய்விட்டது, புதிதாக வாங்க வேண்டியதுதான்” என்று பலர் முடிவு செய்துவிடுகின்றனர். கணினியின் மூளை எனப்படுவது நுண்செயலி. கட்டளைகளைப் படித்துக் கணக்கிடும் இச்சிறு சில்லு எளிதில் பழுதாவதில்லை. முறையாகப் பயன்படுத்தினால் பத்து ஆண்டுகளுக்கு மேலும் உழைக்கும்.

இதற்குக் காரணங்கள் உள்ளன. நுண்செயலியில் அசையும் உறுப்பு எதுவும் இல்லை. ஆகவே, உராய்வால் அது தேய்வதில்லை. மேலும், விற்பனைக்கு வருமுன் அது கடுமையாகச் சோதிக்கப்படுகிறது. இந்தப் பணியில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. இன்டெல் நிறுவனம் 1972ஆம் ஆண்டில் பினாங்கில் தன் ஆலையைத் தொடங்கியது. இத்தகைய ஆலைகளில் சில்லுகள் பொருத்தப்பட்டுச் சோதிக்கப்படுகின்றன, குறையுள்ளவை நீக்கப்படுகின்றன.

இருப்பினும், நுண்செயலிக்கும் முதுமை உண்டு. அதனுள் தலைமுடியைவிடப் பன்மடங்கு மெல்லிய உலோகக் கம்பிகள் உள்ளன. ஆற்றுநீர் கரையை அரிப்பதைப்போல, அவற்றில் பாயும் மின்னோட்டம் உலோக அணுக்களைச் சிறிது சிறிதாக இடம்பெயர்க்கிறது. நாளடைவில் கம்பி மெலிந்து அறுந்துவிடக்கூடும். வெப்பமும் மின்னழுத்தமும் மிகுந்தால் இத்தேய்மானம் விரைவுபடும். 2024ஆம் ஆண்டில், இன்டெலின் 13ஆம், 14ஆம் தலைமுறை மேசைக்கணினி நுண்செயலிகள் சில, அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் நிலைதடுமாறின. அந்நிறுவனம் திருத்தம் வெளியிட்டதோடு, உத்தரவாதக் காலத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் பகல் வெப்பநிலை பெரும்பாலும் 30 பாகை செல்சியஸைத் தாண்டும். அறை சூடாக இருந்தால் நுண்செயலியின் சூடு தணிவது கடினம். காற்றுத்துளைகளில் தூசி அடைந்தாலோ, மடிக்கணினியை மெத்தைமீது வைத்துப் பயன்படுத்தினாலோ நிலைமை மேலும் மோசமாகும். அப்போது நுண்செயலி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். சூடு எல்லை மீறினால் கணினியே நின்றுவிடும். இதனை நுண்செயலியின் மரணம் என்று எண்ணிவிடக்கூடாது. தூசியை அகற்றி, காய்ந்துபோன வெப்பக் களிம்பை மாற்றினால் பல கணினிகள் பழைய நிலைக்குத் திரும்பும்.

பொதுவாக, நுண்செயலிக்கு முன்பே மின்விசிறி, மின்கலம், வன்தட்டு, மின்வழங்கி ஆகியவை பழுதடைகின்றன. இடிமின்னலின்போது ஏற்படும் மின்னெழுச்சியும் அவற்றைத் தாக்கலாம். ஆகையால், இடி இடிக்கும்போது மின்செருகியைக் கழற்றிவிடுவது நல்லது.

இன்னொரு காரணமும் உண்டு. நன்றாக இயங்கும் நுண்செயலியைப் புதிய மென்பொருள் ஏற்காமல் போகலாம். 2021ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 11 பல பழைய நுண்செயலிகளை ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் முடிவுற்றது. அத்தகைய கணினிகளில் லினக்ஸ் போன்ற வேறு இயங்குதளத்தை நிறுவித் தொடர்ந்து பயன்படுத்தலாம்.

எனவே, பழுதான கணினியை வீசுவதற்குமுன் எந்த உறுப்பு பழுதானது என்று கேட்டறிய வேண்டும். பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ உள்ள பழுதுபார்க்கும் கடையில் ஓர் உறுப்பை மட்டும் மாற்றினால் பெற்றோரின் பணம் மிச்சமாகும். அறவே பயன்படாத கணினியைக் குப்பைத்தொட்டியில் போடாமல், மின்கழிவு சேகரிப்பு மையத்தில் ஒப்படைக்க வேண்டும். அதிலுள்ள ஈயம் போன்ற நச்சுப்பொருள்கள் மண்ணையும் நீரையும் மாசுபடுத்தும். நுண்செயலியின் ஆயுளில் ஒரு பகுதி ஆலையில் முடிவாகிறது. மறுபகுதி நம் கையில் இருக்கிறது.