மணிக்கு 86 மைல் வேகத்தில் 'ஓடிய' மரம்!

வேகமாகக் கார் ஓட்டினால் போலீசார் பிடிப்பார்கள். அபராதம் போடுவார்கள். ஆனால், நின்ற இடத்தில் நிற்கும் மரம் மணிக்கு 86 மைல் வேகத்தில் ஓடினால்...?

சிரிக்காதீர்கள்! 1979-ம் ஆண்டு, அமெரிக்காவில் உள்ள மயாமி நகரில் நடந்தது இது.

கார்களின் வேகத்தை அளக்கப் போலீசார் வைத்திருக்கும் ரேடார் கருவியை, அங்குள்ள ஒரு டெலிவிஷன் நிலையத்தார் சோதித்துப் பார்த்தார்கள். பனை இனத்து மரம் ஒன்றை நோக்கிக் கருவியைத் திருப்பினார்கள். '86 மைல்' என்று காட்டியது. ஒரு வீட்டை நோக்கித் திருப்பினார்கள். '28 மைல்' என்று காட்டியது!

ஊரே பேசியது. அதே ஆண்டில் நீதிபதி ஆல்பிரட் நெஸ்பிட் முன்பு வேக வழக்குகள் பல விசாரணைக்கு வந்தன. நிபுணர்கள் சாட்சி சொன்னார்கள். ரேடார் காட்டிய எண்ணைச் சந்தேகமின்றி நம்ப முடியாது என்று நீதிபதி முடிவு செய்தார். அந்தச் சாட்சியத்தை ஏற்க மறுத்து விட்டார்.

அளப்பது எப்படி?

ரயில் ஊதிக்கொண்டு நம்மை நோக்கி வரும்போது சத்தம் கீச்சென்று கேட்கும். கடந்து போனதும் அதே சத்தம் தடித்துவிடும். இதன் காரணத்தை 1842-ம் ஆண்டில் விளக்கியவர் டாப்ளர் என்ற ஆஸ்திரிய அறிஞர்.

ரேடாரும் இப்படித்தான். கருவியில் இருந்து கண்ணுக்குத் தெரியாத ரேடியோ அலை புறப்படுகிறது. ஓடி வரும் காரில் பட்டுத் திரும்புகிறது. திரும்பும் அலையின் துடிப்பு மாறி இருக்கும். எவ்வளவு மாறியதோ, அதுவே காரின் வேகத்தைச் சொல்லிவிடும்.

போர்க்காலத்தில் வளர்ந்த இந்த வித்தையை, 1947-ல் கனெக்டிகட் மாநிலத்தில் சாலையில் சோதித்துப் பார்த்தார்கள். பிறகு நாடு முழுவதும் பரவியது.

கோளாறு எங்கே?

ரேடார் அலை விசிறி போல விரிந்து போகிறது. 1,000 அடி தூரத்தில் அதன் அகலம் சுமார் 200 அடி இருக்கும். அதற்குள் கார் இருக்கும், லாரியும் இருக்கும். எதன் வேகம் கருவியில் விழுந்தது? பழைய கருவிகளை, போலீஸ் காரில் சுழலும் மின்விசிறியும் பக்கத்தில் பேசும் ரேடியோவும்கூட ஏமாற்றிவிடும்.

இன்று பல ஊர்களில் லேசர் கருவி வந்துவிட்டது. 1,000 அடி தூரத்திலும் அதன் ஒளி சுமார் 3 அடி அகலமே விரியும். ஆகவே, பல வண்டிகளுக்கு நடுவே ஒரு வண்டியை மட்டும் பொறுக்கி எடுக்க முடிகிறது.

சின்ன ஊரின் கவலை

'அப்படியானால் பழையதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக வாங்கலாமே?' என்று நீங்கள் கேட்கலாம்.

அங்கேதான் சங்கடம்! அமெரிக்காவில் ஊர்ப் போலீஸ் இலாகாக்களில் சுமார் பாதியில், முழு நேரப் போலீசார் 10 பேர்கூட இல்லை. இது 2016-ம் ஆண்டு அரசாங்கக் கணக்கு. கைக்கு அடக்கமான ஒரு கருவியே ஆயிரம் டாலருக்கு மேல் போகக்கூடும். போலீஸ் காருக்குப் பெட்ரோல் போட வேண்டும். சம்பளம் கொடுக்க வேண்டும். கருவி வாங்குவது தள்ளிக்கொண்டே போகும்.

1966-ம் ஆண்டில் இயற்றிய சாலைப் பாதுகாப்புச் சட்டப்படி, மத்திய அரசு மாநிலங்களுக்குப் பண உதவி செய்கிறது. அதில் ஒரு பங்கு சிற்றூர்களுக்கும் போகிறது. எந்தக் கருவி நம்பத் தகுந்தது என்று சோதித்து, தேறியவற்றின் பட்டியலைப் போலீஸ் அதிகாரிகளின் சர்வதேசச் சங்கம் வெளியிடுகிறது.

இசைக்கவையின் சாட்சி

கருவி புதிதாக இருந்தால் மட்டும் போதாது. அதைத் தினமும் சோதிக்க வேண்டும். இதற்கு உதவுவது இசைக்கவை! ஆம், பள்ளிக்கூடத்துப் பௌதிக வகுப்பில் தட்டி ஒலி எழுப்புவார்களே, அதேதான்.

'50 மைல்' என்று குறித்த கவையைத் தட்டி, ரேடாரின் முன்னே பிடிப்பார்கள். கருவியும் 50 என்று காட்ட வேண்டும். ஒரு மைல் கூடலாம், குறையலாம். அதற்கு மேல் போனால் கருவிக்கு ஓய்வு! இந்தச் சோதனையைப் போலீஸ்காரர் எழுதி வைக்கிறார். கோர்ட்டில் கேட்டால் காட்ட வேண்டும் அல்லவா?

கண்ணும் வேண்டும். வண்டி வேகமாக வருவதை முதலில் தன் கண்ணால் பார்த்து மதிப்பிட வேண்டும். பிறகே கருவியைப் பார்க்க வேண்டும் என்றுதான் அங்கே போலீசாருக்குப் பயிற்சி.

இரண்டு பக்கமும் உயிர்

பள்ளிக்கூடத்தின் முன்னால் சாலையைக் கடக்கிறது ஒரு குழந்தை. கருவி வேகத்தைக் குறைத்துக் காட்டினால், அந்தக் குழந்தைக்கு ஆபத்து. கூட்டிக் காட்டினால், ஒழுங்காக ஓட்டியவருக்கு அபராதம். நாளைக்கு லைசென்சும் போகலாம். அவர் பிழைப்பே வண்டி ஓட்டுவதாக இருந்தால்?

கடையில் உள்ள எடைக்கல்லுக்கு சர்க்கார் முத்திரை எதற்கு? வாங்குபவரும் ஏமாறக் கூடாது, விற்பவரும் வீண்பழி ஏற்கக் கூடாது என்பதற்காகத்தான். சாலையில் நிற்கும் போலீஸ்காரர் கையில் உள்ள கருவியும் ஓர் எடைக்கல்லே. பிறரை அளப்பதற்கு முன்பு, அதையே அளந்து பார்ப்பதுதான் நியாயம்!