ஹாட் ஹேட்ச் வாங்கலாமா? ரெண்டு வருஷம் ஓட்டினவனோட கணக்கு

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கி, வரிசைப்படுத்தியிருக்கிறோம்.)

வழக்கமா இங்க கோடிங், இன்டர்வியூ, சம்பளம்னு பேசுவோம். இன்னைக்கு கார்.

ஆபீஸ் பார்க்கிங்ல என் வண்டியைப் பார்த்துட்டு, டீம்ல புதுசா சேர்ற பசங்க ஒரே கேள்வியைத்தான் கேக்குறாங்க. "ப்ரோ, இந்தக் காசுக்கு ஒரு எஸ்யூவி வாங்கியிருக்கலாமே, எதுக்கு இது?" திருச்சியில இருக்கிற எங்க அப்பாவும் இதையேதான் கேட்டார். "ஏன்டா, குனிஞ்சு ஏறி குனிஞ்சு இறங்குற வண்டிக்கா இவ்வளவு காசு?"

2024 தொடக்கத்துல ஹூண்டாய் ஐ20 என்-லைன் வாங்கினேன். ஆறு கியர் மேனுவல். ரெண்டு வருஷம் ஆச்சு. எதைப் பார்த்து வாங்கணும், வாங்கினப்புறம் எப்படி இருக்கும், நான் எங்க தப்பு பண்ணேன்னு ஒவ்வொண்ணா சொல்றேன்.

முதல்ல, ஹாட் ஹேட்ச்னா என்ன?

சாதாரண குடும்ப ஹேட்ச்பேக்தான். அதே கதவு, அதே டிக்கி. ஆனா இன்ஜின் வலுவா இருக்கும், சஸ்பென்ஷன் இறுக்கமா இருக்கும், பிரேக் நல்லா பிடிக்கும். இந்த வகைக்குப் பெரிய பேர் வாங்கிக் கொடுத்தது 1976ல விற்பனைக்கு வந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ. 1.6 லிட்டர், 110 பிஎஸ், எடை சுமார் 810 கிலோ. திங்கக்கிழமை ஆபீஸுக்கும் அதுதான், ஞாயித்துக்கிழமை மலை ரோட்டுக்கும் அதுதான். ஸ்போர்ட்ஸ் காருக்குத் தனியா காசு சேர்க்க முடியாதவங்களுக்கு அது பெரிய விஷயம்.

என் வண்டிக்கு 120 பிஎஸ். ஐரோப்பாவுல இதே தலைமுறையில 'ஐ20 என்'னு ஒண்ணு வித்தாங்க, லைன் இல்லாம வெறும் என். அதுக்கு 1.6 லிட்டர் டர்போ, 204 பிஎஸ். அதனால கார் பைத்தியங்க நம்ம ஊர் வண்டியை 'ஹாட்' இல்ல, 'வார்ம்'னு கிண்டல் பண்ணுவாங்க. கிண்டல் நியாயம்தான். ஆனா ஏன் இப்படின்னு தெரிஞ்சா வாங்கும்போது எதிர்பார்ப்பு சரியா இருக்கும்.

நாலு மீட்டர் கோடு

2006 பட்ஜெட்ல சின்ன கார்களுக்கான உற்பத்தி வரியை 24 சதவீதத்துல இருந்து 16 ஆக்கினாங்க. அப்போ நிதியமைச்சர் நம்ம சிவகங்கை ப.சிதம்பரம். சின்ன கார்னா என்னன்னு அதுலயே வரையறுத்தாங்க: நீளம் 4 மீட்டருக்குள்ள, பெட்ரோல் இன்ஜின்னா 1200 சிசிக்குள்ள, டீசல்னா 1500க்குள்ள. அந்தக் கோடு ஜிஎஸ்டியிலயும் தொடருது. 2025 செப்டம்பர் 22ல இருந்து கோட்டுக்குள்ள இருக்கிற பெட்ரோல் காருக்கு 18 சதவீதம், தாண்டினா 40.

ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துல தயாராகிற என் ஐ20 நீளம் 3995 மில்லிமீட்டர். கோட்டுக்கு அஞ்சு மில்லிமீட்டர் முன்னாடி நிக்குது. இன்ஜின் 998 சிசி, மூணு சிலிண்டர். டாடா அல்ட்ரோஸ் ரேசர், பழைய போலோ ஜிடி, பலேனோ ஆர்எஸ், எல்லாம் இதே கோட்டுக்குள்ள பிறந்ததுங்கதான். கோட்டைத் தாண்டிப் பார்த்ததும் உண்டு. 2015ல வந்த அபார்த் புன்ட்டோ 1.4 டர்போ, 145 பிஎஸ். சில வருஷத்துலயே காணாமப் போச்சு. 2025ல கோல்ஃப் ஜிடிஐ இங்க இறக்குமதியா வந்தப்போ விலை 50 லட்சத்துக்கு மேல.

சின்ன இன்ஜின்தான் வைக்கணும், வேகமும் வேணும். அப்போ இருக்கிற வழி டர்போ.

பிஎஸ் பார்க்காதீங்க, டார்க் எங்க வருதுன்னு பாருங்க

டர்போ ரொம்ப எளிமையான யோசனை. வெளிய போற புகையோட வேகத்துல ஒரு சக்கரம் சுத்துது. அது இன்னொரு சக்கரத்தைச் சுத்தி, காத்தை அழுத்தி இன்ஜினுக்குள்ள தள்ளுது. காத்து அதிகம்னா பெட்ரோலும் அதிகம் எரிக்கலாம். சின்ன இன்ஜின் பெரிய இன்ஜின் மாதிரி வேலை செய்யும். ஆனா புகை போதுமான அளவு வர்ற வரைக்கும் ஒரு சின்ன தாமதம் இருக்கும். அதுதான் டர்போ லேக். நம்ம பாஷையில சொன்னா பிஎஸ்ங்கிறது த்ரூபுட், லேக்ங்கிறது லேட்டன்சி. ரெண்டும் வேற வேற.

ஒரு கணக்கு போடலாம். சாதாரண ஐ20 1.2 லிட்டர்ல 83 பிஎஸ், 115 நியூட்டன் மீட்டர் டார்க். அந்த முழு டார்க் வர்றது 4200 ஆர்பிஎம்ல. என் வண்டியில 172 நியூட்டன் மீட்டர், அதுவும் 1500ல இருந்து 4000 வரைக்கும் அப்படியே நிக்குது. டார்க்கையும் ஆர்பிஎம்மையும் பெருக்கினா பவர். 2000 ஆர்பிஎம்ல என் வண்டி சுமார் 49 பிஎஸ் தரும். 1.2 தன்னோட முழு 115ஐயும் அங்கேயே தருதுன்னு தாராளமா வச்சுக்கிட்டாலும் 33தான்.

2000 ஆர்பிஎம் ஏன் முக்கியம்? வேளச்சேரியில இருந்து சிறுசேரிக்கு ஒரு பக்கம் 20 கிலோமீட்டர் நான் ஓட்டுறது பெரும்பாலும் அங்கதான். சிக்னல்ல இருந்து கிளம்பி, ரெண்டாவது கியர்ல ஒரு ஷேர் ஆட்டோவைத் தாண்டி, மூணாவது போட்டு, திரும்ப பிரேக். 6000 ஆர்பிஎம்ல வர்ற 120 பிஎஸ்ஸை ஓஎம்ஆர்ல நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன்? விரல் விட்டு எண்ணலாம். 0-100 நேரம்ங்கிறது பெஞ்ச்மார்க். உங்க ப்ரொடக்‌ஷன் 20ல இருந்து 60. அதுக்குத்தான் டெஸ்ட் பண்ணணும்.

கியர்பாக்ஸ்: மனசுக்கா, முட்டிக்கா?

என்-லைன்ல ரெண்டு வழி இருந்துச்சு. மேனுவல், இல்லன்னா ஏழு கியர் டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக், அதாவது டிசிடி. டிசிடியில ரெண்டு கிளட்ச். ஒண்ணு 1, 3, 5, 7 கியரைப் பார்த்துக்கும், இன்னொண்ணு 2, 4, 6. மூணாவதுல ஓடும்போதே நாலாவது தயாரா நிக்கும். அதனாலதான் கியர் மாறுறது கண் சிமிட்டுற நேரத்துல நடக்குது.

இந்த வகை வண்டிகள்ல வர்றது பெரும்பாலும் உலர் கிளட்ச். எண்ணெயில முங்கி இருக்காது, காத்துதான் சூட்டை ஆத்தணும். வண்டி நடக்கிற வேகத்துல ஊர்ந்தா கிளட்ச் முழுசா சேராம வழுக்கிட்டே இருக்கும், சூடாகும். டிசிடி எடுக்கிறவங்க ரெண்டு பழக்கம் வச்சுக்கணும். முன்னாடி வண்டி ரெண்டு அடி நகர்ந்தா நீங்களும் ரெண்டு அடி நகராதீங்க, கொஞ்சம் இடம் விட்டு ஒரே தடவையா போங்க. மேட்டுல, மால் பார்க்கிங் ரேம்ப்ல, ஆக்ஸிலேட்டரை மிதிச்சு வண்டியை நிறுத்தி வைக்காதீங்க. பிரேக்கைப் பிடிங்க.

நான் மேனுவல் எடுத்தேன், ஓட்டுற சுகத்துக்கு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் இடது முட்டி கணக்கு கேக்கும், அதையும் மறைக்கல. தினம் ரெண்டு மணி நேரம் டிராஃபிக்ல இருக்கிறவங்க கூச்சப்படாம ஆட்டோமேட்டிக் எடுங்க. அதுல ஒரு கௌரவக் குறைச்சலும் இல்ல.

டெஸ்ட் டிரைவ் எப்படிப் பண்ணணும்

ஷோரூம்காரங்க காலியான நல்ல ரோட்டுக்குத்தான் கூட்டிட்டுப் போவாங்க. நீங்க வழி சொல்லுங்க. ஏசியை முழுசா போடுங்க. ஸ்பீட் பிரேக்கர் ஏறி இறங்கி, ரெண்டாவது கியர்லயே 20ல இருந்து மிதிச்சுப் பாருங்க. தயங்குதா, உடனே இழுக்குதா? பேஸ்மென்ட் ரேம்ப்ல நிறுத்திக் கிளம்புங்க. அப்புறம் முக்கியமா, வீட்டுப் பெரியவங்களைப் பின் சீட்ல உட்கார வச்சு குண்டும் குழியுமான தெருவுல போங்க.

நான் இந்தக் கடைசியை மட்டும் பண்ணல. எங்க அம்மாவுக்கு முதுகுவலி. சஸ்பென்ஷன் இறுக்கமா இருந்தா வளைவுல வண்டி சாயாது, ஆனா ஒவ்வொரு மேடுபள்ளமும் முதுகுக்கு வந்து சேரும். முதல் திருச்சி பயணத்துல செங்கல்பட்டு தாண்டறதுக்குள்ள, "கண்ணா, முன்னாடி சீட்டுக்கு வந்துடவா?"ன்னு கேட்டாங்க. இப்போ அம்மா முன்னாடி, அப்பா பின்னாடி.

பழைய வண்டி ஆசை

புதுசு வாங்குறதுக்கு முன்னாடி, நின்னுபோன மாடல் ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல பார்த்தேன். பளபளன்னு இருந்துச்சு, விலையும் கம்மி. தெரிஞ்ச மெக்கானிக் அண்ணனைக் கூட்டிட்டுப் போனேன். அவர் சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டிட்டு, "ஒன்றரை வருஷம் எங்க போச்சு வண்டி?"ன்னு கேட்டார். கொஞ்ச நேரம் சுத்தி வளைச்சுட்டு ஓனர் ஒத்துக்கிட்டார், ரீமேப் பண்ணி ஓட்டிட்டு, விக்கிறதுக்காகப் பழையபடி மாத்தியிருக்கார்.

ரீமேப்னா இன்ஜின் கம்ப்யூட்டர்ல டர்போ அழுத்தம், இக்னிஷன் நேரம் எல்லாத்தையும் மாத்தி எழுதுறது. டார்க் எகிறும். ஆனா கிளட்ச், கியர்பாக்ஸ் எல்லாம் பழைய டார்க்குக்குக் கணக்குப் போட்டுச் செஞ்சது. சாஃப்ட்வேரை ரோல்பேக் பண்ணலாம், தேய்ஞ்ச கிளட்ச்சைப் பண்ண முடியாது. வாரன்ட்டியும் போயிடும். இன்ஷூரன்ஸ்காரங்களுக்குச் சொல்லாம மாத்தியிருந்தா க்ளெய்ம் அன்னைக்குத் தெரியும் வலி. நான் கும்பிடு போட்டுட்டு வந்துட்டேன்.

மாசச் செலவு

பெட்ரோல்: எனக்கு ஊருக்குள்ள லிட்டருக்கு 10, 11. ஹைவேல நிதானமா போனா 17. எத்தனால்ல பெட்ரோலைவிட லிட்டருக்கு மூணுல ஒரு பங்கு சக்தி கம்மி. அதனால 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்ல சுமார் 7 சதவீதம் குறையும். பழைய வண்டி வாங்குறவங்க அது இ20க்கு ஒத்துப்போகுமான்னு வண்டியோட கையேட்டுல பார்த்துடுங்க.

இன்ஷூரன்ஸ்ல ஒரு சின்ன சந்தோஷம். மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம் சிசி வச்சுத்தான். 2022ல நிர்ணயிச்ச கட்டணப்படி 1000 சிசிக்குள்ள வருஷத்துக்கு 2,094 ரூபாய், 1500 சிசி வரைக்கும் 3,416. என் 998 சிசி டர்போவுக்கும் சாதாரண சின்ன காருக்கும் ஒரே கட்டணம்.

வலி, டயர். என் டயர் 195/55 ஆர்16. 195 மில்லிமீட்டர் அகலத்துல 55 சதவீதம், அதாவது பக்கவாட்டுச் சுவரோட உயரம் 107 மில்லிமீட்டர். 185/65 ஆர்15 டயர்ல அது 120. அந்த 13 மில்லிமீட்டர்தான் பள்ளத்துக்கும் ரிம்முக்கும் நடுவுல இருக்கிற மெத்தை. ஒரு மழை ராத்திரி, தண்ணி நின்ன பள்ளத்துல விட்டேன். மறுநாள் காலையில டயர் பக்கத்துல கோலிக்குண்டு அளவுக்கு ஒரு புடைப்பு. உள்ள நூல் அறுந்துடுச்சுன்னு அர்த்தம், பஞ்சர் மாதிரி ஒட்ட முடியாது. எட்டாயிரத்துச் சொச்சம். அன்னையில இருந்து வாரம் ஒரு தடவை காத்து பார்க்கிறேன், தண்ணி நிக்கிற இடத்துல வேகத்தைக் குறைக்கிறேன்.

உளுந்தூர்பேட்டை தாண்டி

இதைச் சொல்லலாமா வேணாமான்னு யோசிச்சேன். சொல்லிடறேன்.

போன வருஷம் அப்பா அம்மாவோட திருச்சிக்குப் போயிட்டிருந்தேன். உளுந்தூர்பேட்டை தாண்டி ரெண்டு லாரி. மூணாவது கியர் போட்டு மிதிச்சேன். அந்த வண்டிக்கு அது ஒரு வேலையே இல்ல. 80ல அடிக்கிற எச்சரிக்கை பீப் எப்பவோ காதுல விழாம பழகிடுச்சு. லாரியைத் தாண்டினப்போ 120 பக்கம். மீடியன் இடைவெளியில இருந்து ஒரு பெரியவர், டிவிஎஸ் எக்ஸ்எல்ல புல்லுக்கட்டு வச்சுக்கிட்டு, நிதானமா ரோட்டைக் கடக்கிறார்.

முழு பிரேக். நாலு சக்கரத்துலயும் டிஸ்க், ஏபிஎஸ் கடகடன்னு அடிக்குது. நின்னுடுச்சு. அவர் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கல, போயிட்டார்.

அம்மா ஒரு வார்த்தை பேசல. அடுத்த டீக்கடையில நிறுத்தினோம். டம்ளர் என் கையில ஆடிட்டிருந்துச்சு. அப்பா மெதுவா சொன்னார், "வண்டி மேல தப்பில்லப்பா."

அன்னைக்கு ராத்திரி கணக்குப் போட்டேன். யோசிக்க ஒரு வினாடி, அப்புறம் நல்ல பிரேக். 80ல வந்தா நிக்க சுமார் 53 மீட்டர் வேணும். 120ல 102. வேகம் ஒன்றரை மடங்கு, தூரம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. ஏன்னா பிரேக் தூரம் வேகத்தோட வர்க்கத்துல ஏறும். இது ஸ்கூல்லயே படிச்சதுதான். அந்தப் பெரியவர் ரெண்டு வினாடி கழிச்சுக் கிளம்பியிருந்தா எனக்கு அந்த 102 மீட்டர் இருந்திருக்காது.

சின்ன வண்டியில வேகம் சத்தமில்லாம ஏறும். இதோட ஆபத்து அதுதான். இப்போ ஹைவேல நானே ஸ்பீடு வார்னிங்கை 90க்கு வச்சிருக்கேன், மீடியன் இடைவெளி தெரிஞ்சா ஆக்ஸிலேட்டர்ல இருந்து கால் எடுத்துடறேன்.

அப்போ வாங்கலாமா?

வீட்டுல ஒரே கார், அதுல வயசானவங்க வாரா வாரம் பின் சீட்ல வருவாங்கன்னா யோசிங்க. ரோடு மோசமான ஏரியான்னாலும் யோசிங்க. பெரும்பாலும் ஒருத்தர் ரெண்டு பேர் போற வண்டி, ஓட்டுறதே பிடிக்கும்னா தாராளமா வாங்குங்க.

சென்னைக்குள்ள கார்களுக்கு 60தான் வரம்புன்னு 2023ல காவல்துறை அறிவிச்சாங்க. இந்த வண்டியோட சந்தோஷம் முழுக்க அந்த 60க்குள்ளயே இருக்கு. ரெண்டாவது கியர் இழுக்கிற அந்த இழுவை, ஸ்டீயரிங் சொன்ன இடத்துல திரும்புறது, காலையில ஆறு மணிக்குக் காலி ரோட்டுல ஒரு ரவுண்டானா. அந்த 60க்குள்ள உங்களுக்குச் சிரிப்பு வரலன்னா 120ல வரப்போறதில்ல.

அப்பா இப்பவும் குனிஞ்சுதான் ஏறுறார், முணுமுணுத்துக்கிட்டே. ஆனா போன தடவை ஊருக்குப் போனப்போ சாவியைக் கேட்டு வாங்கி, கடை வரைக்கும் ஓட்டிட்டு வந்தார். பால் வாங்கப் போனவர் வர முக்கால் மணி நேரம் ஆச்சு.

அடுத்த எபிசோடுல பார்ப்போம் மக்களே. பெல்ட் போடுங்க, பின் சீட்லயும்.