ஒரே குலத்து இரு கிருமிகள்

1879ஆம் ஆண்டிலே அல்பேட் நைசர் என்னும் ஜெர்மானிய மருத்துவர் மேகவெட்டை நோயாளரின் சீழை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து நோக்கியபோது, காப்பிக் கொட்டைகள் இரண்டிரண்டாக முகம் பார்த்து அமர்ந்தாற்போன்ற நுண்ணுருவங்களைக் கண்டார். எட்டாண்டுகள் கழித்து வியன்னா நகரிலே அன்ரன் வைக்செல்பாம், மூளையுறை அழற்சி நோயாளரிடத்தே அதே வடிவுடைய மற்றொரு கிருமியைக் கண்டார். இன்று இரண்டும் ‘நைசீரியா’ என்னும் ஒரே குலப்பெயரைத் தாங்கியுள்ளன.

தோற்றம் ஒன்றாயினும் தொழில் வேறு. மூளையுறைக் கிருமி பெரும்பாலும் தொண்டையிலே தீங்கின்றி வாழும். குருதியிற் புகுந்துவிட்டாலோ ஒரே நாளில் ஒரு குழந்தையைக் கொன்றுவிடவும் வல்லது. மேகவெட்டைக் கிருமி உடலுறவால் தொற்றி, மலட்டுத்தன்மையையும், பிறக்கும் சிசுவுக்குக் கண்பார்வை இழப்பையும் விளைவிப்பது. ஆயினும் இவற்றின் பரம்பரை அலகுகள் நூற்றுக்கு 80 முதல் 90 வரை ஒத்திருக்கின்றன. இந்த உறவை மனிதன் பயன்படுத்திக்கொள்ள இயலுமா என்பதே இன்றைய விஷயம்.

நமது உடலின் காவற்படை கிருமியின் உள்ளத்தை அறியாது. அதன் புறத்தையே அறியும். இக்கிருமிகளின் வெளிமென்சவ்விலே ‘போரின்’ என்னும் புரதங்கள் பதிந்துள்ளன. 16 பலகைகளை வட்டமாக நிறுத்திய பீப்பா ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். அதனூடே சத்துப் பொருள்கள் உள்ளே செல்லும். பலகைகளின் மேல் நுனிகளை இணைக்கும் கண்ணிகள் புறத்தே நீட்டிக்கொண்டிருக்கும். இனத்துக்கு இனம் ஒப்பிட்டுப் பார்த்தால், பலகைகள் பெரிதும் மாறாதிருக்க, கண்ணிகளே மிகுதியும் மாறியிருக்கக் காண்கிறோம். காரணம் எளிது. பலகை பிசகினால் பீப்பா குலைந்துவிடும். கண்ணியோ பிறபொருளெதிரிகளின் பார்வையிற் படுவது; வேடம் மாற்றிக்கொண்ட கிருமியே தப்பிப் பிழைக்கும்.

மூளையுறைக் கிருமிக்கு ஏ, பி என இருவகைப் போரின்கள் உண்டு. மேகவெட்டைக் கிருமியிடம் பி மட்டுமே உண்டு. ஏ வகைக்குரிய பரம்பரை அலகு, இடிந்த வீட்டின் அத்திவாரம்போலச் சிதைந்து கிடக்கிறது.

நியூசீலாந்தில் 1991 முதல் ‘பி’ பிரிவு மூளையுறைக் கிருமி கொள்ளைநோயாகப் பரவிற்று. அப்பிரிவின் மேலுறைச் சர்க்கரை மனித நரம்புக் கலங்களில் உள்ளதையே ஒத்திருப்பதால், உடல் அதனை அந்நியமாகக் கொள்வதில்லை. ஆகவே வெளிமென்சவ்வின் சிறு குமிழ்களைப் பிரித்தெடுத்துத் தடுப்பு மருந்து ஆக்கினார்கள். 2004 முதல் 2006 வரை பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட இளையோர் அதனைப் பெற்றனர். அம்மருந்து சிறப்பாகக் குறிவைத்தது ஏ வகைப் போரினையே.

2017இல் வெளியான ஆய்வொன்று எதிர்பாராத செய்தியைத் தந்தது. அம்மருந்து பெற்றோரிடையே மேகவெட்டை நூற்றுக்கு 31 வீதம் குறைந்திருந்தது. ஒரே சிகிச்சை நிலையங்களுக்கு வந்த, கிளமிடியா என்னும் வேறொரு பால்வினை நோய் கொண்டோருடனேயே ஒப்பிட்டனர் என்பது கவனிக்கத்தக்கது. வாழ்க்கை முறையால் விளையும் மயக்கம் அதனாற் குறைகிறது. ஆனால், முதன்மை இலக்கான புரதமே மேகவெட்டைக் கிருமியிடம் இல்லையே! எனவே அக்குமிழ்களோடு உடன்வந்த, இரு கிருமிகளுக்கும் பொதுவான வேறு புரதங்களே காரணமாதல் வேண்டும்.

பின்வந்த தடுப்பு மருந்திலே அக்குமிழ்களுடன் மூன்று புரதங்கள் சேர்க்கப்பட்டன. மேகவெட்டைக் கிருமியோடு ஒப்பிட்டால், அவற்றுள் ஒன்று அதனிடம் அறவே இல்லை. மற்றொன்று இருந்தும் புறத்தே தலைகாட்டுவதில்லை. மூன்றாவது மட்டுமே புறத்தே வெளிப்படுகிறது, அதுவும் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கே ஒத்தது.

இத்தகைய அரைகுறை உறவையும் மருத்துவர்கள் நாடுவதற்குத் தக்க காரணம் உண்டு. சல்பா மருந்துகள், பெனிசிலின், தெத்திராசைக்கிளின் என ஒவ்வொன்றையும் மேகவெட்டைக் கிருமி வென்றுவிட்டது. எஞ்சியுள்ள செவ்ற்றியாட்சோன் மருந்துக்கும் பணியாத வகைகள் பல நாடுகளில் தோன்றியுள்ளன. ஒருமுறை நோய் கண்டவர்க்கும் மீண்டும் வாராதென்னும் உறுதி இல்லை.

பிரான்சில் நடத்தப்பெற்று 2024இல் வெளியான பரிசோதனையொன்றில் இம்மருந்தின் பயன் ஐயமறத் தெளிவாகவில்லை. எனினும் இங்கிலாந்து 2025 ஆகஸ்ட் மாதம் முதல், ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களுள் தொற்று அபாயம் மிக்கோர்க்கு இதனை வழங்கத் தொடங்கிற்று. முற்றாகத் தடுக்கும் என்ற எண்ணத்தினால் அன்று. நூற்றுக்கு 30 முதல் 40 வீதமேனும் குறையும் என்னும் கணக்கினாலேயே.