குடும்பத்தோடு சேர்ந்து வளரும் குட்டி வீடு! 2 சென்ட் இடத்தில் 20 வருஷத் திட்டம்

(நமது சிறப்பு நிருபர்)

ராஜபாளையம்,

"சின்ன வீடு" என்றாலே சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். பாக்யராஜ் 1985-ல் அந்தப் பேரில் படமே எடுத்துவிட்டார். நாம் சொல்லப் போவது அந்தச் சமாசாரம் அல்ல. நிஜமாகவே சின்னதாய் இருக்கிற வீடு. 360 சதுர அடி. அதில் புதுசாய்க் கல்யாணமான ஜோடி குடியேற வேண்டும், பிள்ளைகள் வளர வேண்டும், பேரன் பேத்தியும் ஓடி விளையாட வேண்டும். முடியுமா?

முடியும். ஆனால் முதல் செங்கல் வைக்கும் நாளிலேயே கடைசிச் செங்கல் எங்கே வரும் என்று தெரிந்திருக்க வேண்டும்!

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்றார்கள் பெரியவர்கள். ரெண்டையும் ஒரே நேரத்தில் செய்யப் போய்க் கடனில் முழுகியவர்கள் எந்தத் தெருவிலும் உண்டு. நகையை விற்று முழு வீட்டையும் கட்டி, பூச்சு வேலைக்குப் பணம் இல்லாமல் நிறுத்தியவர்கள் ஒரு பக்கம். கைக்கு வந்ததைக் கட்டிவிட்டு, பத்து வருஷம் கழித்து மாடி எடுக்க முடியாமல் இடித்தவர்கள் இன்னொரு பக்கம். இந்த ரெண்டுக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. பாதி வீட்டை முழு உறுதியோடு கட்டுவதுதான் அந்த வழி.

மில் ஊரின் தூக்கம்

ராஜபாளையம் மில் ஊர். 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். அன்று முதல் இந்த ஊர் சங்கு சத்தத்துக்கு எழுந்து, ஷிப்டு கணக்கில் படுக்கிற ஊர். நைட் ஷிப்டு முடிந்து காலையில் வீடு திரும்புகிறவர் எங்கே தூங்குவது? ஒரே அறை. அதில்தான் சமையல் சத்தம், பிள்ளைகள் சத்தம், டி.வி. சத்தம். மனிதர் கண்ணை மூடுவது எப்படி?

சத்திரப்பட்டிப் பக்கம் போனால் பேண்டேஜ் துணித் தறி. தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிற மெஷின். பல வீடுகளில் குடியிருப்பும் தொழிலும் ஒரே கூரையின் கீழ்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டோடு பால்கோவா கிண்டுகிறவர்களுக்கு அடுப்பும் விறகும் புகையும் சேர்ந்து கூடுதல் இடம் கேட்கும். பெட்ரூம் எத்தனை என்று மட்டும் கேட்டால் இந்த ஊர்களுக்கு வீடு போட முடியாது. யார் எப்போது தூங்குகிறார்கள், மெஷின் எங்கே நிற்கும் என்றும் கேட்க வேண்டும்.

கோபுரம் சொல்லும் பாடம்

ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தைப் பார்க்காதவர் கிடையாது. 11 நிலை, 192 அடி. தமிழக அரசின் முத்திரையில் இருப்பதும் அதுதான் என்று ஊரார் பெருமையாகச் சொல்வார்கள். ஏற ஏறக் குறுகிக்கொண்டே போகிறது. அடி மட்டும் அகலம். மேலே எத்தனை நிலை வரும் என்று கீழே கல் வைக்கும்போதே கணக்குப் போட்டாக வேண்டும்.

வீட்டுக்கும் இதே கணக்குத்தான். சுவரை மாற்றலாம், கதவை மாற்றலாம், கூரையைக்கூட மாற்றலாம். கடைக்காலை மட்டும் பிறகு மாற்ற முடியாது. மாடி வருமா வராதா என்று சந்தேகமாய் இருந்தாலும், அஸ்திவாரத்தை மாடிக்கும் சேர்த்தே போட வேண்டும். கையில் இருக்கும் பணத்தில் முதலில் மண்ணுக்கு அடியில் போவதற்கு ஒதுக்குங்கள். டைல்ஸும் பெயிண்டும் காத்திருக்கும்.

மண்ணையும் பார்க்க வேண்டும். மலை அடிவாரத்துச் செம்மண் வேறு, கிழக்கே போகப் போக வரும் கரிசல் வேறு. கரிசல் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். மேலே நிற்கிற சுவரும் கூடவே வெடிக்கும். இந்த மாதிரி மண்ணுக்கென்றே அடியில் குமிழ் போல விரியும் காங்கிரீட் தூண் முறையை ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியது. கரிசலில் மனை வாங்கினவர்கள் ஒரு எஞ்சினீயரைக் கேட்காமல் வானம் தோண்டக் கூடாது.

2 சென்ட் கணக்கு

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். இடம் 22 அடிக்கு 40 அடி. அதாவது 2 சென்ட். வீடு 16 அடி அகலம், இருபத்திரண்டரை அடி நீளம். பெருக்கினால் சரியாக 360 சதுர அடி. ரெண்டு பக்கமும் மூன்று மூன்று அடி சந்து. முன்னால் 8 அடி, பின்னால் ஒன்பதரை அடி காலி.

முதல் வருஷம்: முன்னால் ஒரு பெரிய அறை. பின்பக்கம் அடுப்படி, அதை ஒட்டிக் குளியலறை, கக்கூஸ். அவ்வளவுதான்!

இங்கேதான் மூளை வேண்டும். கக்கூஸ் வாசல் பின்பக்கம் திறக்க வேண்டும். அது முன் அறைக்குள் திறந்தால், நாளைக்கு அந்த அறையை ரெண்டாகத் தடுக்க முடியாது. தெருவாசலும் அடுப்படி வாசலும் ஒரே பக்கமாய் நேருக்கு நேர் இருக்க வேண்டும். நடமாட்டம் ஒரு ஓரமாய் முடிந்துவிட்டால் மறு ஓரம் பிற்பாடு தனி அறை ஆகும். அந்த ஓரத்துக்கென்று ஒரு ஜன்னலும், ஒரு பேன் கொக்கியும், ஸ்விட்சுக்குக் குழாயும் இப்போதே போட்டுவிட வேண்டும்.

ஆறாம் வருஷம்: ரெண்டு பிள்ளை. பாத்திரம், புத்தகம், பாய், தலையணை எல்லாம் குவியும். இதற்குப் பதில் பரண். ஆரம்பத்திலேயே லிண்டல் மட்டத்தில் பலகைக் காங்கிரீட்டை நீட்டிவிட்டால் தரையில் இடம் மிச்சம். வாசலில் ஒரு திண்ணை போட்டால் பிள்ளைகள் படிக்கவும், வந்தவர் உட்காரவும் ஆயிற்று.

பதினாலாம் வருஷம்: பெண் வயசுக்கு வந்துவிட்டாள். உடை மாற்ற அவளுக்கு ஒரு கதவு வேண்டும். புடவையைத் திரையாய்க் கட்டி எத்தனை நாள் சமாளிப்பது? அடுத்த வருஷம் பத்தாம் வகுப்புப் பரீட்சை வேறு. இப்போது முன் அறையின் நடுவே ஒரு தடுப்பு. நாலரை அங்குலச் சுவரோ, சிமெண்ட் போர்டோ போதும். நைட் ஷிப்டு அப்பா பகலில் தூங்குவதும் அதே அறையில்தான். பகலில் அவருக்கு, ராத்திரி பெண்ணுக்கு!

இருபதாம் வருஷம்: மகனுக்குக் கல்யாண வயசு நெருங்குகிறது. இப்போது மாடி.

படி எங்கே?

மாடிப்படி வீட்டுக்குள் வந்தால் ஒரு அறையையே விழுங்கிவிடும். வெளியே வர வேண்டும். பத்தடி உயரத்துக்கு 7 அங்குலம் வீதம் 17 படி. சுமார் பதிமூன்றரை அடி நீளம். 16 அடி முகப்பின் முன்னாலேயே அடங்கிவிடும். படிக்கு அடியில் மோட்டார் சைக்கிள் நிற்கும். முன்னால் விட்ட காலி இடத்தில் படி வரலாமா என்பதை மட்டும் நகராட்சியிலோ ஊராட்சியிலோ முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

வெளிப்படிக்கு இன்னொரு லாபமும் உண்டு. மகனும் மருமகளும் தனியாய் இருக்க ஆசைப்பட்டால் வாசல் தனி, அடுப்பு தனி, மனஸ்தாபம் இல்லை. பிள்ளைகள் வெளியூர் போய்விட்டால் மாடியை வாடகைக்கு விடலாம். அண்ணன் தம்பி பாகம் பிரிந்தாலும் ஆளுக்கு ஒரு தளம். குடும்பம் வளரும்போது வீடு வளர வேண்டும் என்பது சரி. குடும்பம் சுருங்கும்போதும் அது உதவ வேண்டும்.

கொத்தனாரிடம் மறக்காமல் சொல்லுங்கள்

சுவர் மேல் சுவர் வர வேண்டும். கீழே சுவர் இல்லாத இடத்தில் மாடிச் சுவர் எழுப்பினால் தளம் தொங்கும்.

குழாய் மேல் குழாய் வர வேண்டும். மாடிக் கக்கூஸ், கீழ்க் கக்கூசுக்கு நேர் மேலே. இல்லாவிட்டால் அம்மா சமைக்கிற தலைக்கு மேலே சாக்கடைக் குழாய் ஓடும்!

பின்னால் எங்கேயாவது வாசல் உடைக்க வேண்டி வரும் என்று தோன்றினால், இன்றைக்கு அங்கே ஒரு ஜன்னல் வையுங்கள். மேலே லிண்டல் வாசல் அளவுக்கு இருக்கட்டும். நாளைக்கு ஜன்னலுக்குக் கீழே இருக்கும் செங்கல்லை மட்டும் எடுத்தால் போதும். சுவருக்கு ஆபத்து இல்லை.

பில்லர் போட்டுக் கட்டினால் தட்டட்டியில் கம்பியை நீட்டி விடுவது வழக்கம். 12 மில்லிமீட்டர் கம்பியாய் இருந்தால் சேர்ப்புக்கு ரெண்டடியாவது மிச்சம் வேண்டும். அதைச் சும்மா மழையில் விடக் கூடாது. துருப்பிடித்த கம்பி தானும் கெட்டு, கீழே இருக்கும் காங்கிரீட்டையும் வெடிக்க வைக்கும். சிமெண்ட் பால் பூசி, மட்டக் காங்கிரீட்டால் மூடி வைத்தால், வேண்டும்போது உடைத்து எடுத்துக்கொள்ளலாம்.

மாடி வரும் வரை தட்டட்டிக்கு வருஷா வருஷம் சுண்ணாம்பு அடித்தால் பங்குனி, சித்திரை வெயிலில் உள்ளே வெக்கை குறையும்.

ஊர் உலகத்தில்...

இது யாரோ கண்ட கனவு அல்ல. சென்னையில் 1977-ல் உலக வங்கிக் கடனோடு ஒரு திட்டம் வந்தது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் ஏழைகளுக்கு முழு வீடு கொடுக்கவில்லை. சின்ன மனை, ரோடு, தண்ணீர், கழிவறை ஆகிய அடிப்படை வசதிகளைச் செய்து கொடுத்து, மீதியை நீங்களே கட்டிக்கொள்ளுங்கள் என்றார்கள். முதலில் ஜனங்கள் மெதுவாகத்தான் குடி வந்தார்கள். திட்டம் தோற்றுவிட்டது என்றே பலர் நினைத்தார்கள். 20 வருஷத்துக்கு மேல் கழித்து உலக வங்கி ஆய்வாளர்களே திரும்பிப் போய்ப் பார்த்தார்கள். அந்த மனைகள் நிறைந்து, வீடுகள் அவரவர் வசதிப்படி வளர்ந்து நின்றன!

இந்தூரில் 1980-களில் பி.வி. தோஷி என்ற கட்டடக் கலைஞர் அரண்யா என்ற குடியிருப்பை இதே முறையில் அமைத்தார். எப்படியெல்லாம் வளர்க்கலாம் என்று காட்ட 80 மாதிரி வீடுகள். அதற்கு 1995-ல் ஆகா கான் விருது கிடைத்தது. 2018-ல் தோஷிக்குக் கட்டடக் கலையின் மிகப் பெரிய பரிசான பிரிட்ஸ்கர் பரிசும் வந்தது.

தென்னமெரிக்காவில் சிலி நாட்டின் இக்கிக்கே நகரில் 2004-ல் சுமார் 100 குடும்பங்களுக்கு நிஜமாகவே பாதி வீடு கட்டிக் கொடுத்தார்கள். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே காலி இடம். அடுப்படி, கழிவறை, படி போன்ற கஷ்டமான பாதியை அரசுப் பணத்தில் கட்டினார்கள். சுலபமான பாதி குடும்பத்தின் பொறுப்பு. அதைச் செய்த அலெஹாந்திரோ அரவேனா 2016-ல் அதே பிரிட்ஸ்கர் பரிசு வாங்கினார்.

சர்க்கார் கை கொடுக்குமா?

கிராமப்புறக் குடிசைகளை மாற்ற 2024-ல் தமிழக அரசு தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய். அளவு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடி காங்கிரீட் கூரை. நாம் மேலே போட்ட கணக்கும் அதே 360-தான். ஆக, அரசு கொடுக்கிற வீட்டை முடிவு என்று நினைக்காமல் ஆரம்பம் என்று நினைத்துத் திட்டம் போட்டால், இருபது வருஷத்துக்கு அது தாங்கும்.

2015-ல் தொடங்கிய பிரதமர் நகர்ப்புற வீட்டுத் திட்டத்தில், இருக்கிற வீட்டைக் குறைந்தது 9 சதுர மீட்டர் பெரிதாக்குவதற்கும் உதவி உண்டு என்று விதி வைத்தார்கள். வீடு வளரும் என்பதை டில்லியும் ஒப்புக்கொண்டது.

பிளான் அப்ரூவலுக்கு அலைய வேண்டுமே என்ற பயமும் குறைந்திருக்கிறது. 2024 ஜூலையில் தமிழக அரசு சுய சான்று முறையைக் கொண்டு வந்தது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், உயரம் 7 மீட்டருக்குள் என்றால் ஆன்லைனில் உடனடி அனுமதி என்று அப்போது விதி வைத்தார்கள். 7 மீட்டர் என்பது ஏறத்தாழ 23 அடி. பேஸ்மட்டம் 2 அடி, தளத்துக்குப் பத்தடி என்று கட்டினால் கீழும் மேலும் அதற்குள் அடங்கும். மாடி எடுத்தால் வீட்டு வரி கூடும். அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று

மாடிக்கு மகன் போய்விட்டான். கீழே அப்பாவும் அம்மாவும். மகளுக்காகத் தடுத்த அறை இப்போது அவர்களுக்கு. முழங்கால் வலிக்கிற வயசில் படி ஏற வேண்டியதில்லை. ஆனால் ராத்திரியில் கக்கூஸ் போகப் பின்பக்கம் வழுக்காத தரையும், பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும், மழை நனைக்காமல் ஒரு சன்ஷேடும் வேண்டும். இருபது வருஷத்துக்கு முன்னால் வாலிபனாய் நின்று கொத்தனாரிடம் பிளான் சொன்னபோது, இந்தக் கிழவனை நினைத்தாரா அந்த மனிதர்?

மனை வாங்கியிருக்கும் தம்பிமார்கள் அந்தக் கிழவனையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு நூல் பிடிக்கட்டும்!